நாலு மணி இரண்டு நிமிடம்

ஆகஸ்ட் 11

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். உன் வலது தோள் எப்படியிருக்கிறது? போனில் கேட்டால், "ஒட்டிக்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுவாய். பெரிய விஷயங்கள் கடிதத்தில்தான் என்று நாம் வைத்துக்கொண்ட விதி உன் தோளுக்கும் பொருந்தும். எழுது.

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த டிசம்பரில் நான் ஊருக்கு வர முடியாது. எங்கள் பிரிவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு மார்ச் வரை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்புகூடக் கிடையாது.

நீச்சல்குளத்தில் எல்லாரிடமும், நான் விமான நிலையத்தில் டிக்கெட் கிழிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாயாமே? மூன்றாவது வருடமாக விளக்குகிறேன். இங்கிருந்து கிளம்பும் விமானம் எந்த வழியில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று தாளில் போட்டு விமானியிடம் கொடுப்பது என் வேலை. எனக்குக் கிழக்கு மேசை. உன் ஊருக்கு வரும் காலை விமானம் தினமும் நான் போட்ட பாதையில்தான் பறக்கிறது. இந்தக் கடிதமும் அதன் வயிற்றில்தான் வரும். வானத்தில் நாலு மணி நேரம். பிறகு தரையில் ஏழு நாள்.

எங்கள் அறைக்குச் சன்னல் கிடையாது. நாள் முழுக்க வானத்தைப் பற்றியே பேசுகிறோம், வானம் மட்டும் கண்ணில் படாது. ஒரே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் வானிலைப் பிரிவு. தடுப்பிலிருக்கும் சின்ன திறப்பு வழியாக வானிலைக்காரர் காற்று வரைபடங்களை நீட்டுவார். இந்த வானிலைக்காரர் ஒரு வேடிக்கையான மனிதர். இன்று மழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். கேட்டால், "நான் சொன்னதை நானே நம்பிட்டா எப்படிங்க?" என்கிறார். நேற்று ஒரு வரைபடத்தின் மேல் என் தேநீர்க் கோப்பையை வைத்து, வட்டமாகக் கறை விழுந்துவிட்டது. வானிலைக்காரர் அதை எடுத்துப் பார்த்து, "புயல் உருவாகியிருக்கே, பேரு வைக்கலாமா?" என்றார். வானிலைக்காரர் சொன்ன விதத்தில், சிரிப்பையே அறியாத எங்கள் தலைமை அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தோளைப் பார்த்துக்கொள்.

உன்,
தவளை


ஆகஸ்ட் 29

என் தவளைக்கு,

சித்தி எழுதுவது. தோள் பரவாயில்லை. மார்பு நீச்சல் முடிகிறது, பட்டாம்பூச்சி நீச்சல் முடியவில்லை. முப்பத்தாறு வயதில் பட்டாம்பூச்சியாக இருந்து யாரைக் கவரப் போகிறேன், விடு. உனக்கு இருமல் போயிற்றா? போகாவிட்டால் போய்விட்டது என்று எழுதுவாய். அதனால் கேட்டு என்ன பிரயோசனம்.

டிசம்பரில் வராவிட்டால் போ. உன் அறையில் குளத்து மிதவைப் பலகைகளை அடுக்கி வைத்துவிட்டேன். கோபத்தில் செய்த காரியம். எடுத்துவிடுவேன்.

காலை ஆறு மணிப் பெண்கள் வகுப்பில் இப்போது பதினோரு பேர். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கையைக் காலை அசைக்கத்தான் நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, வாய்க்குப் பயிற்சி தேவையில்லை. நேற்று பல் டாக்டர் மிதந்துகொண்டே கேட்டாள்: "உங்க பொண்ணு இருக்கிற ஊரு எவ்வளவு தூரம் மேடம்?" அக்கா பெண் என்று நான் திருத்துவதில்லை. "ரொம்ப தூரம்" என்றேன். உடனே வங்கி மேலாளர், "எங்களை ஒரு நொடி லேட்டுன்னு திட்டுறீங்க, இதுக்கு மட்டும் 'ரொம்ப'வா?" என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று. எண்ணாகச் சொல். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

அதற்காக "நீ வாயேன் சித்தி" என்று ஆரம்பிக்காதே. குளத்து உயரப் பலகையில் நான் ஒருநாளும் ஏறியதில்லை என்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருடமாக எனக்குக் காது வலி என்று சொல்லி, குதிக்கிற வகுப்பைக் குளத்துக் காவலுக்கு நிற்கும் விசில்காரரிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று மீட்டருக்கே இந்தக் கதை.

அந்தக் குடைக்கார மனிதருக்கு வீட்டில் யாரும் இல்லையா, சிரிப்பு மூட்ட?

உன்,
சித்தி


செப்டம்பர் 16

அன்புள்ள சித்திக்கு,

நலம். இருமல் நிஜமாகவே போய்விட்டது. நீ தோளுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

எண்கள் இதோ. தூரம் 3,640 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் இது வராது. ஒரு உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற நீளம் இது. நேரம், வரப்போகும் குளிர்மாதங்களில், தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை நாலு மணி இரண்டு நிமிடம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆறு என்று வைத்துக்கொள். குளிர்காலத்தில் அதில் வெள்ளம். விமானம் அந்த ஆற்றில் நீந்துகிறது. உன்னிடம் படித்ததால்தான் எனக்கு இது சட்டென்று புரிந்தது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

வங்கி மேலாளரிடம் சொல், நாலு மணி இரண்டு நிமிடம் என்றால் நாலு மணி இரண்டு நிமிடம்தான். நான் உன்னைப் போலச் சுவரை நகர்த்த மாட்டேன். நினைவிருக்கிறதா? அம்மா போன பிறகு வந்த முதல் கோடை. எனக்குப் பத்து வயது, உனக்குப் பத்தொன்பது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டி, "என் கையைத் தொட்டாப் போதும், அவ்வளவுதான்" என்றாய். நான் வர வர நீ பின்னால் நடந்துகொண்டே இருந்தாய். இருபத்தைந்து மீட்டரும் முடிந்து சுவரில் முட்டிக்கொண்டபோது நான் அழுதேன். ஏமாந்துபோனேனே என்று. ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தில் கொஞ்சம் இன்னும் பாக்கி இருக்கிறது.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. சுவரில் புதிதாக ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள், உன் ஊர் நேரம் காட்டுவதற்கு. எழுத வேறொன்றும் இல்லை.

உன்,
தவளை


அக்டோபர் 2

என் தவளைக்கு,

சித்திதான். நான் நலம், தோள் நலம், குளத்துக் குழாயும் நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கொடுத்த தூரத்தை நம் குளத்து நீளத்தால் வகுத்துப் பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரத்து அறுநூறு நீளம். நீளத்துக்கு முப்பது நொடி என்று வைத்தால், நிற்காமல் நீந்தி ஐம்பதரை நாளில் உன்னிடம் வந்துவிடுவேன். வகுப்பில் சொன்னேன். "தண்ணியில ஊறி வெள்ளரிக்கா மாதிரி போய்ச் சேருவீங்க" என்றாள் பல் டாக்டர்.

இப்போது இன்னொரு கணக்கு. உன் ஜூன் கடிதத்தில் வானிலைக்காரர் என்று ஒரு தடவை வந்தது. ஆகஸ்டில் நாலு தடவை. செப்டம்பரில் காற்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், காற்றைக் கொண்டுவந்து கொடுக்கிற மனிதரைக் காணோம். குடை பற்றி நான் கேட்டதற்கும் பதிலைக் காணோம்.

பதினேழு வருடமாகக் குளத்து ஓரத்தில் நின்று தலைகளை எண்ணுகிறவள் நான். ஒரு தலை தண்ணீருக்கு மேலே தெரியவில்லை என்றால் அது வீட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

முழுப் பூசணிக்காயை நீ எந்தச் சோற்றில் மறைக்கிறாய் தவளை? நல்லவரா? உன்னைச் சிரிக்க வைக்கிறாரா, இல்லை தலைமை அதிகாரியை மட்டும்தானா? ஆழம் பார்த்துத்தானே காலை விட்டாய்?

சீக்கிரம் எழுது. எனக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியும். அதற்காக ஒரு மாதமெல்லாம் முடியாது.

உன்,
சித்தி


அக்டோபர் 21

அன்புள்ள சித்திக்கு,

நலம். உன் நலம் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஆமாம்.

மறைக்க நினைக்கவில்லை. யாரிடமாவது சொன்னால் என் கையிலிருந்து நழுவிப் போய்விடும் போலிருந்தது. உனக்கு என்னைத் தெரியும். புத்தகம் முடியும்வரை அட்டையைக்கூட யாருக்கும் காட்ட மாட்டேன்.

ஜூலையில் ஒருநாள் அவர் நீட்டிய வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால், "இன்னைக்கு நிஜமாவே மழை. குடை இருக்கா?" என்று எழுதியிருந்தது. என்னிடம் குடை இல்லை. மழையும் வரவில்லை. சுள்ளென்ற வெயிலில் ஒரே குடையின் கீழ் பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். அன்று காலை வரைபடத்தை நானே பார்த்திருந்தேன். துளி மேகம் கிடையாது. அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

நல்லவர், சித்தி. தப்பாகச் சொன்ன நாளில், "தப்பாச் சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். எங்கள் கட்டடத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 9, காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எட்டு மாதம் கழித்துத்தான் என்றார்கள். எங்களால் ஊருக்கு வந்து செய்ய முடியாது. நான் எழுதியிருந்தேனே, எனக்கு விடுப்பு இல்லை. அவருக்கும் அதே கதைதான். படிவத்தில் மணமகள் பக்கத்துச் சாட்சிக்கு ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் பெயரைத் தவிர எதுவும் தோன்றவில்லை. அது காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மூன்று மீட்டர் எனக்கு மறக்கவில்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

உன்,
தவளை


நவம்பர் 24

சித்திக்கு,

நலம்தானே? ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போனில் பேசிவிட்டோம். "சாப்டியா?" "சாப்டேன்." "குளத்துக்கு நேரமாச்சு." அவ்வளவுதான். கடிதம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்தது என்று நீ சொல்லவும் இல்லை. விதியை இருவரும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

வர முடியாது என்றால் முடியாது என்று எழுது. நான் அழமாட்டேன். அழுதாலும் ஒரு வாரத்துக்கு மேல் பேசாமல் இருக்க மாட்டேன், முன்னுதாரணம் இருக்கிறது.

தவளை


டிசம்பர் 4

என் தவளைக்கு,

சித்தி நலம். ஆறு வாரத்தில் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் தோள் வலி, ஒன்றில் காது வலி, மூன்றாவதில் குளத்துக்குப் புது வண்ணம் பூசுகிறார்கள். மூன்றும் பொய். எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

டிக்கெட் வாங்கிவிட்டேன். பிப்ரவரி 7, சனிக்கிழமை.

வாங்குவதற்கு முன்னால் வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன், உயரப் பலகையையும் சேர்த்து. பதினோரு பேரும் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டார்கள். விசில்காரர் மட்டும், "எனக்குப் பத்து வருஷமா தெரியும். காது வலிக்கிறவங்க தினமும் மூணு தடவ முங்குவாங்களா?" என்றார். கிராதகர், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வங்கி மேலாளர்தான் வழி சொன்னாள். "எங்களுக்கு எப்படிச் சொல்லித் தந்தீங்களோ அப்படியே நீங்களும் பண்ணுங்க மேடம். கரையில ஒத்திகை." குளத்து ஓரத்தில் ஒரு நாற்காலி. என் இடுப்பில் மிதவைக் கயிறு, பெல்ட்டுக்குப் பதில். பல் டாக்டர் விமானப் பணிப்பெண். தட்டில் தேநீரோடு வந்து, "சாய்ஞ்சு உக்காருங்க மேடம், வாயைத் திறங்க" என்கிறாள், தொழில் பழக்கம். வங்கி மேலாளர் விமானி. வாயாலேயே இரைச்சல் போடுகிறாள். நான் ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு மணி இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை.

டிக்கெட்டில் ஒன்பது மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டு மணிக்குச் சேரும் என்று போட்டிருக்கிறது. மூன்றே மணி நேரமா என்று சந்தோஷப்பட்டேன். உன் ஊர்க் கடிகாரம் இரண்டரை மணி பின்னால் ஓடுகிறது, அதையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. டிக்கெட்டை மடித்து வைத்துவிட்டேன். நீ சொன்ன எண் போதும் எனக்கு.

எவ்வளவு தூரமானாலும் நான் நீந்துவேன். ஆனால் சுவர் எங்கே என்று தெரிய வேண்டும். சொன்ன இடத்தில் அது இருக்கவும் வேண்டும். நாலு மணி இரண்டு நிமிடம். அதை மட்டும் பிடித்துக்கொண்டுதான் ஏறப்போகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குடையைத் தயாராக வைக்கச் சொல்.

உன்,
சித்தி


டிசம்பர் 23

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலம், நலம். உன் கடிதத்தை மேசையிலேயே பிரித்துப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் எழுந்து நின்றார். ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல் அவர்கள் பிரிவே எழுந்து நின்றது.

வீடு பார்த்துவிட்டோம். இரண்டு அறை, மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, படியும் உண்டு, நீ படியிலேயே வரலாம். சமையலறைச் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். ஆனால் சுவருக்கு மேலே இரண்டு முழத்துக்கு வானம் தெரிகிறது. பிப்ரவரி 9 அன்று மழை இல்லை என்று இப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில் அழைத்தவர்கள் எல்லாரும் குடையோடு வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், சும்மா. நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா?

தோளைப் பார்த்துக்கொள். சன்னலோரம் இடம் கேட்டு வாங்கு. பதினாறாம் வரிசை நல்லது, இறக்கை தெரியும்.

உன்,
தவளை


ஜனவரி 10

என் தவளைக்கு,

நலம். நான் எதற்கு ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும்? நாற்காலி என்ன எனக்கு மாமியார் வீடா? நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும், "இறக்கி விடுங்க, நடந்து போறேன்" என்று சொல்லிவிடுவேன், பார்த்துக்கொள். ஒத்திகை இதுவரை ஐந்து தடவை ஆகிவிட்டது. எல்லாம் பிரமாதம்.

பதினாறாம் வரிசை, சன்னலோரம் வாங்கிவிட்டேன். இறக்கை தெரிந்து நான் என்ன செய்ய. கண்ணை மூடிக்கொள்ளத்தான் போகிறேன்.

உனக்கு வகுப்புப் பெண்கள் சேர்ந்து ஒரு பொருள் வாங்கியிருக்கிறார்கள். என்ன என்று சொல்லக்கூடாதாம். குடைதான்.

இனிமேல் எழுதாதே. எழுதினால் எனக்கு முன்னால் வராது.

உன்,
சித்தி


பிப்ரவரி 5

(உறையின் மேல்: பதினாறாம் வரிசை, சன்னலோரம். தரையை விட்டு நாலு மணி இரண்டு நிமிடம் ஆனதும் கொடுக்கவும்.)

அன்புள்ள சித்திக்கு,

நலமா? இதை நான் எழுத்துக்கு எழுத்து நிஜமாகவே கேட்கிறேன். உன் எதிரில் நிற்பவர் விமானப் பணிப்பெண்களின் தலைவி. நாளை இங்கிருந்து கிளம்பி உன் ஊருக்கு வருகிறார், உன்னோடு திரும்புகிறார். அவர் கையைப் பிடித்துக்கொள். தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சித்தி, நீ இன்னும் வந்து சேரவில்லை. இன்னும் ஒரு மணி எட்டு நிமிடம் இருக்கிறது.

விமானத்துக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. சரியில்லாதது நான் கொடுத்த எண். உன் டிசம்பர் கடிதத்தை என் வானிலைக்காரரிடம் காட்டினேன். படித்துச் சிரித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "சித்தி இங்க வர்றாங்களா, இங்கேருந்து போறாங்களா?" என்றார். "வர்றாங்க." "அப்போ இது போற நேரம்ல?"

அந்த ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது என்று நானே எழுதியிருந்தேன். உன் ஊருக்குப் போகும் விமானத்தை அது தள்ளிவிடும். உன் ஊரிலிருந்து வரும் விமானம் அதை எதிர்த்து நீந்த வேண்டும். அதே 3,640 கிலோமீட்டர்தான். ஐந்து மணி பத்து நிமிடம்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்தது. ஆனால் மூன்று வருடமாக நான் தினமும் போடுவது போகிற பாதை. திரும்பி வரும் விமானத்துக்கு உன் ஊரில் வேறு யாரோ போடுகிறார்கள். நான் உன்னிடமிருந்து திரும்பி வந்த நாட்களில் கடிகாரம் பார்த்ததில்லை. நீ எவ்வளவு நேரம் என்று கேட்டதும், என் கை தனக்குத் தெரிந்த எண்ணை எழுதிவிட்டது. அந்தப் பாதைக்கு ஒரு திசைதான் இருக்கிறது, அது உன்னை நோக்கித்தான் என்று என் கை முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

உடனே எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்தேன். சொன்ன இடத்தில் சுவர் இருக்க வேண்டும் என்று நீ எழுதியது முன்னால் வந்து நின்றது. நீ டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாயோ என்று பயந்தேன். ஐந்து மணி நேரத்தைப் பற்றிச் சும்மா கேட்டுப் பார்த்தேன். உன் பதிலைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். ஒருத்தி எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்று இருந்தது. கையை நீட்டிக்கொண்டு பின்னால் நடப்பது.

நீ வெளியே வரும் வாசலில் நான் நிற்கிறேன். கை நீட்டித்தான் இருக்கிறது. இந்தத் தடவை நகராது.

கோபம் வந்தால் ஒரு வாரம் பேசாதே. ஆனால் ஒன்பதாம் தேதி கையெழுத்து மட்டும் போட்டுவிடு.

உன்,
தவளை


பிப்ரவரி 7, வானத்தில்

அடிப் பாவி தவளைக்கு,

சித்தி எழுதுவது, வாந்தி எடுக்கக் கொடுத்த காகிதப் பையின் மேல். பையை வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. நான் நலம்.

முதலில் என் பொய். அந்த நாற்காலியில் நான் ஒருநாள்கூட நாலு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. ஐந்து ஒத்திகையில் அதிகபட்சம் ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒவ்வொரு தடவையும் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளத்தில் குதித்துவிடுவேன். "மேடம், மறுபடி நடுக்கடல்ல இறங்கிட்டீங்க" என்பாள் வங்கி மேலாளர். உனக்கு எழுதினால் நீ கவலைப்படுவாய் என்று பிரமாதம் என்று எழுதினேன். ஆக, பெரிய விஷயங்கள் கடிதத்தில்தான் என்ற நம் விதியை இரண்டு பேரும் சேர்ந்து மூழ்கடித்துவிட்டோம்.

இரண்டு ராத்திரி தூங்கவில்லை. விமானம் ஓட ஆரம்பித்ததும் பக்கத்து இருக்கைத் தாடிக்காரரின் கையைப் பிடித்தேன். தரையை விட்டதும் நசுக்கினேன். பாவம், "பரவால்லம்மா, ரெண்டு கை இருக்கு" என்றார். ஸ்டாப்வாட்சை அழுத்தினேன், கண்ணை மூடினேன். அவ்வளவுதான் தெரியும்.

தூங்கிவிட்டேனடி! அசந்து தூங்கிவிட்டேன். பயந்து பயந்து களைத்துப் போனதில் பயப்படவே மறந்துபோயிற்று. நாலு மணி நேரமும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்தப் பெண் தோளைத் தொட்டு, அதுவும் வலது தோள், "மேடம், உங்களுக்கு ஒரு கடிதம்" என்று எழுப்பினாள். வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துப் பையை எடுக்க எழுந்தேன். பெல்ட் இழுத்து உட்கார வைத்தது. அப்புறம் உன் கடிதத்தைப் படித்தேன். "அடிப் பாவி!" என்று கத்தியதில் முன்வரிசையில் ஒருவர் தேநீரைக் கொட்டிக்கொண்டார்.

இன்னும் ஒரு மணி எட்டு நிமிடம், தூக்கமும் போய்விட்டது. என்ன செய்ய? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று சன்னல் திரையைத் தூக்கினேன்.

தவளை, நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? விடுப்பு இல்லை, இருமல் இல்லை என்றெல்லாம் எழுதினாய், இதை ஒரு வரி எழுதினாயா? கீழே கடல். நான் பார்த்ததிலேயே பெரிய குளம். கப்பல்கள் வெள்ளைக் கோடு விட்டுக்கொண்டு போகின்றன, யாரோ தடம் கட்டிவிட்டது போல. மேகத்தின் மேல் நம் விமானத்தின் நிழல், அதைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில், கூடவே வருகிறது. பதினேழு வருடம் குளத்து ஓரத்தில் நின்று தண்ணீரையே குனிந்து பார்த்தவள் நான். இவ்வளவு உயரத்திலிருந்தும் குனிந்து பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை. தாடிக்காரருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் மாதம் இரண்டு தடவை போகிறவராம். "நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லம்மா" என்கிறார்.

எதிர்க்காற்றில் இது இப்போது நீந்திக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. இறக்கை நுனி லேசாக ஆடுகிறது. தோளை இறுக்காமல் விட்டுக்கொடுத்துப் போகிறது. நல்ல பயிற்சி.

நீ சரியான எண்ணைக் கொடுத்திருந்தால் நான் ஐந்து மணி பத்து நிமிடமும் தூங்கியிருப்பேன். நீ மறந்துபோன அந்த ஒரு மணி எட்டு நிமிடம்தான் நான் பறந்தது.

அன்று குளத்தில் ஒரு வாரம் பேசவில்லை என்று எழுதினாயே. நான் பின்னால் நடந்தபோது என்ன பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. அக்கா போனதிலிருந்து எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருந்த முகம். நடுக்குளம் தாண்டியதும் அதில் கோபம் வந்தது. "வாடி வா, இப்பதான் நீ என் தவளை" என்று நினைத்தேன். அன்றைக்கு இரண்டு பேரில் சந்தோஷமாக இருந்தவள் நான்தான். இன்றைக்கும் நான்தான் போலிருக்கிறது.

பெல்ட் போடச் சொல்கிறார்கள். காதை அடைக்கிறது, நிஜக் காது வலி, விசில்காரரிடம் சொல்ல வேண்டும். கீழே வீடுகள் தெரிகின்றன. இந்தப் பையை உன் கையிலேயே கொடுப்பேன். உடனே படிக்காதே, முதலில் நான் உன்னைப் பார்க்க வேண்டும். அவரையும். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பவர் யாரோ அவர்தான் என்று கண்டுபிடித்துவிடுவேன்.

கடைசியாக ஒன்று. திரும்பிப் போக நாலு மணி இரண்டு நிமிடம்தானா? போதாதே. உன் ஆளிடம் சொல்லி அன்றைக்கு மட்டும் அந்தக் காற்றைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்.

உன்,
சித்தி